கைராசியும் கழுத்து ஆபரேஷனும்

நம் ஜனங்களுக்கு ஆபரேஷன் என்றவுடன் முதலில் வாயில் வருகின்ற கேள்வி, "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் "கைராசி" என்கிறார்கள். கெட்டுப்போனால் "தலையெழுத்து" என்கிறார்கள். நன்மைக்கு ஒரு பெட்டியும் கெடுதிக்கு ஒரு பெட்டியும் செய்து வைத்துக்கொண்டு, எது நடந்தாலும் இரண்டில் ஒன்றில் போட்டு மூடிவிடுகிறார்கள். இந்த இரண்டு பெட்டிகளிலும் அகப்படாமல் வெளியே நிற்பது ஒன்றே ஒன்றுதான். அதுதான் காரணம் என்பது. காரணத்தைத் தேடாதவனுக்கு அடுத்த முறையும் அதே கெடுதி வருவதைத் தடுக்க வழியேது?

இந்தக் குருட்டு வழக்கத்தின் கேட்டை விளக்குவதற்குக் கழுத்தின் உச்சியில் செய்யப்படும் எலும்பு ஆபரேஷனைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஏனென்றால், அங்கே தலையெழுத்து என்பது ஒருவிதத்தில் உண்மையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது மண்டை ஓட்டின்மேல் எவனோ ஒருவன் எழுதிவிட்டுப் போன எழுத்தல்ல. கழுத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் ஏறிச் செல்லும் பாதையே அந்த எழுத்து. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதைப் படிக்கவும் முடியும். படித்துப் பாராமல் கத்தி வைப்பதா, படித்துப் பார்த்துக் கத்தி வைப்பதா என்பதுதான் இன்றைய நம் கேள்வி.

முதலில் விஷயம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் நான்கு. இரண்டு, கழுத்தின் முன்பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது தெரிகின்ற குழாய்கள். மற்ற இரண்டும் வெளியே தெரியாதவை. வெர்ட்டிப்ரல் தமனிகள் என்று இவற்றிற்குப் பெயர். கழுத்தெலும்புகள் ஏழிலும் பக்கத்திற்கு ஒரு துவாரம் உண்டு. இத்தமனி சாதாரணமாகக் கீழிருந்து எண்ணினால் இரண்டாவதாகிய ஆறாவது எலும்பின் துவாரத்தில் நுழைந்து, ஐந்து, நான்கு, மூன்று என்று ஒவ்வொன்றாக ஏறி, இரண்டாவது எலும்புக்குள் வெளிப்புறமாக வளைந்து, முதல் எலும்பின் துவாரத்தைக் கடந்து, அவ்வெலும்பின் பின் வளைவின்மேல் பாம்பு போலச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் போகிறது. உள்ளே இடதும் வலதும் ஒன்றாய்ச் சேர்ந்து, மூச்சு விடவும், விழுங்கவும், தள்ளாடாமல் நிற்கவும், கண்ணால் கண்டதை அறியவும் காரணமாயுள்ள மூளைப் பாகங்களுக்கு ரத்தம் ஊட்டுகின்றன.

தலையைத் தாங்கும் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கர்கள் கட்டிய கதையின் ஆசாமி பெயர் அது. நம்மூர் ஆதிசேஷன் பூமியைத் தாங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். கதையில் தாங்கியவன் எப்படியிருந்தானோ, நம் கழுத்திலுள்ள அட்லஸ் ஒரு வெறும் வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ஒரு பல் போன்ற முளை அந்த வளையத்திற்குள் நிற்க, அதைச் சுற்றித்தான் நாம் தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறோம். கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மூட்டில் நடக்கிறது. அந்த முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம் இருக்கிறது.

விபத்தில் அந்த முளை முறிந்தாலும், முடக்குவாதத்தால் அதைக் கட்டி நிறுத்தும் நார் இற்றுப்போனாலும், காசநோய் எலும்பை அரித்தாலும், பிறவியிலேயே அந்த இடம் சரியாக உருவாகாவிட்டாலும், முதல் எலும்பு இரண்டாவதன்மேல் நழுவுகிறது. நழுவினால் தண்டுவடம் நசுங்குகிறது. கை கால் மரத்துப் போகிறது, நடை தடுமாறுகிறது, முற்றினால் மூச்சே நின்றுவிடுகிறது. இதற்கு வேப்பிலை அடிப்பதிலும் பயனில்லை; கழுத்தைப் பிடித்துச் சொடுக்கெடுப்பதிலோ பயனில்லாததோடு பேராபத்தும் இருக்கிறது. நழுவும் எலும்புகளை ஒன்றோடொன்று அசையாமல் பிணைப்பதே வழி. அதனால் தலை திருப்பும் சக்தியில் ஒரு பாகம் குறையும் என்றாலும் ஆளுக்கு உயிரும் கை காலும் மிஞ்சும்.

இப்படிப் பிணைப்பதற்கு முன்காலத்தில் கம்பியால் கட்டினார்கள். 1939-இல் காலி என்பவர் எழுதிய முறை அது. கம்பி கட்டினவர்கள் மாதக்கணக்கில் கழுத்துக்குக் கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியும் எலும்பு ஒட்டாமல் போவதுண்டு. பிறகு மாகெர்ல் என்பவர் இரண்டாவது எலும்பிலிருந்து முதல் எலும்பு வரை மூட்டின் ஊடே திருகாணி ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அதுல் கோயல் என்பவரும் லாஹேரி என்பவரும் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனித் திருகாணி போட்டுத் தகட்டால் இணைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டார்கள். 2001-இல் ஹார்ம்ஸ், மெல்கெர் என்ற இருவர் தகட்டுக்குப் பதிலாகக் கம்பித்தண்டு வைத்து அதே வழியில் செய்தார்கள். இன்று உலகமெங்கும் நடப்பது பெரும்பாலும் இந்த வழிதான். இதிலே நம் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பங்கு பெரியது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நலம்.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஏற்றப்படும் திருகாணியின் கனம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். பக்கத்தில் ஓடும் தமனியின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் எலும்பு. திருகாணி அந்த எலும்போடு நின்றால் நோயாளி நடந்து வீட்டுக்குப் போகலாம். தாண்டினால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சில மில்லிமீட்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் தொல்லையில்லை. ஒரு தடவை அளந்து புத்தகத்தில் எழுதிவிட்டால் உலகத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் அதைப் பார்த்தே திருகிவிடலாம். ஆனால் இயற்கை அப்படியில்லை.

சிலருக்குத் தமனி இரண்டாவது எலும்புக்குள் வழக்கத்தைவிட உயரமாகவும் நடுப்பக்கம் தள்ளியும் ஏறி, எலும்பை உள்ளிருந்து குடைந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் எலும்பு தடியாகத் தெரியும். உள்ளே திருகாணிக்கு இடமிருக்காது. இது ஏதோ லட்சத்தில் ஒருவருக்கு உள்ள அதிசயமல்ல. பத்துப் பேரில் ஒருவருக்கோ, அதற்கு மேலாகவோ உண்டென்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன.

வேறு சிலருக்கு முதல் எலும்பின் மேலே தமனி சுற்றும் இடத்தில் பாலம் போல ஒரு எலும்பு வளர்ந்து தமனியை மூடியிருக்கும். நூற்றில் சுமார் 15 பேருக்கு இப்படி உண்டு. இந்தப் பாலத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, "ஆகா, எலும்பு நல்ல கனமாயிருக்கிறது, தாராளமாகத் திருகலாம்" என்று தோன்றும். திருகினாலோ பாலத்தின் கீழே இருப்பது தமனி.

இன்னும் சிலருக்குத் தமனி முதல் எலும்பின் துவாரத்திற்கே போகாமல், அதற்குக் கீழேயே தண்டுவடம் இருக்கும் குழிக்குள் திரும்பிவிடுகிறது. அதாவது டாக்டர் திருகாணி போடுவதற்காகச் சதையை விலக்கும் அதே மூட்டின்மேல் அது குறுக்கே கிடக்கிறது. சிலருக்குத் தமனி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வழக்கமான வழியிலும் மற்றொன்று இந்த வழியிலும் போய் மறுபடி சேருகிறது. இவ்விரண்டும் பொது ஜனங்களிடம் அபூர்வம். ஆனால் எவருக்குக் கழுத்தின் உச்சி எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியும் குறைந்தும் இருக்கின்றனவோ அவர்களிடம் அதிகம். ஆபரேஷன் மேஜைக்கு வருகிறவர்களில் பலர் அவர்களேயாவர். ஆகவே, ஊர் ஜனங்களின் சராசரியைக் காட்டி, "இது அபூர்வம்" என்று ஆறுதல் சொல்வது, வெள்ளத்தில் நிற்பவனிடம் "இந்த ஜில்லாவில் சராசரி மழை குறைவு" என்று சொல்வது போலத்தான் ஆகும்.

இப்படி ஏன் மாறுகிறது என்று கேட்டால், "அவன் செயல்" என்று ஒருவர் சொல்லுவார். "சிருஷ்டியின் விசித்திரம்" என்று மற்றொருவர் சொல்லுவார். இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கரு வளரும்போது கழுத்தில் படிப்படியாகப் பல சிறு ரத்தக் குழாய்கள் தோன்றுகின்றன. அவை மேலும் கீழும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே நீண்ட குழாயாகின்றன. பழைய கிளைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. மறைய வேண்டிய கிளை மறையாமல் நின்றால் பாதை மாறுகிறது. அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டும்போது தூர்க்க வேண்டிய பழைய ஓடை தூர்ந்துபோகாமல் நின்றதற்குச் சமம். இதில் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. இப்படிப்பட்ட குழாயுள்ளவன் ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவுமில்லாமல் இருப்பான். அவன் சரீரத்தில் தவறில்லை. புத்தகத்தில் இருப்பது போல்தான் அவன் இருக்க வேண்டும் என்று நினைத்துத் திருகாணி ஏற்றுகிறவரிடத்தில்தான் தவறு இருக்கிறது.

சரீரத்தைவிடப் புத்தகத்தை நம்பியதன் பலனை வைத்திய உலகம் ஒரு தடவை ஆயிரம் வருஷத்திற்கு மேலாக அனுபவித்திருக்கிறது. அதுவும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் விஷயத்திலேயே அனுபவித்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற பெரிய வைத்தியர், மூளையின் அடியில் ரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன என்று எழுதினார். ஆடு மாடுகளில் அந்த வலை உண்டு, மனிதனிடம் இல்லை. ஆனாலும் கேலன் எழுதிவிட்டாரென்று அத்தனை நூற்றாண்டுகளும் எல்லோரும் மனிதனிடமும் உண்டென்றே படித்தார்கள், படிப்பித்தார்கள். வெசேலியஸ் என்பவரும் 1538-இல் அந்த வலையைப் படமாகப் போட்டார். பிறகு தம் கையாலேயே பிணங்களை அறுத்துப் பார்த்து, 1543-இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில், மனிதனிடம் அப்படி ஒன்று இல்லை என்று எழுதினார். மாணவர்களுக்கு மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போது வலையைக் காட்டுவதற்காக ஒரு ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது தம் வழக்கமாயிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். இதைக் கேட்ட அவருடைய குருவான சில்வியஸ் என்ன சொன்னார் தெரியுமா? கேலன் எழுதியது தப்பல்ல, கேலன் காலத்திற்குப் பிறகு மனித சரீரம்தான் மாறிவிட்டது என்று சாதித்தார்; சிஷ்யரைப் பைத்தியக்காரன் என்று திட்டினார். புத்தகம் தப்பாவதைவிட மனித ஜாதியே தப்பாகிவிடட்டும் என்று சொல்லும் பண்டிதர்கள் நம் நாட்டில் மட்டும் இருப்பதாக எண்ணி நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, எங்கும் இருந்திருக்கிறார்கள்!

ஆனால் வைத்திய சாஸ்திரத்திற்கும் மற்றச் சாஸ்திரங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வைத்தியர்கள் தங்கள் தோல்விகளை எண்ணி எழுதி உலகத்திற்கு முன் வைக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவில், மாகெர்ல் வழியில் கழுத்தின் உச்சியில் திருகாணி போட்ட டாக்டர்களைக் கேட்டு, 1318 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். அதில் தமனி சேதப்பட்டது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் 31 பேர். சேதப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் 23 பேர். ஆக 54 பேர். அதாவது நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். இவர்களில் அதனால் நரம்புக் கெடுதி கண்டவர்கள் 2 பேர். இறந்தவர் ஒருவர். கைராசி என்று பேசுகிறவர்கள் இப்படி ஒரு கணக்கு எப்போதாவது வெளியிட்டதுண்டா? எத்தனை கையில் ராசி, எத்தனை கையில் ராசியில்லை என்று யாராவது எண்ணியதுண்டா? எண்ண ஆரம்பித்தால் ராசி போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 54 பேருக்குத் தமனி சேதப்பட்டும் பெரும்பாலோர் ஏன் பிழைத்தார்கள்? மறுபக்கத்துத் தமனி நன்றாயிருந்து மூளைக்கு வேண்டிய ரத்தத்தைக் கொடுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அப்படியானால் கைராசி என்று மாலை போடப்படுவது எதற்கு? நோயாளியின் மறுபக்கத்து ரத்தக் குழாய்க்கு! சரி, அந்த மறுபக்கத்துக் குழாய் நூல் போல மெலிந்திருந்தால்? மூளையின் நடு நீரோட்டத்தில் சேராமலே முடிந்துபோயிருந்தால்? அப்படியும் சிலர் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சம கனமாயிருப்பவர்களைவிட ஏற்றத்தாழ்வுள்ளவர்களே மிகுதி. பெரிய குழாய் எந்தப் பக்கம் என்று பாராமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால், மறுநாள் "தலையெழுத்து" பெட்டி திறக்கப்படும்.

நிற்க, பார்ப்பதற்கு வழி இல்லாத காலத்தில் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. ஆனால் இன்று வழி இருக்கிறது. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார், எலும்பு தெரிந்தது. 1927-இல் லிஸ்பனில் மோனிஸ் என்பவர் ரத்தக் குழாயில் மருந்தேற்றி மூளையின் குழாய்களைப் படமெடுத்தார், குழாய் தெரிந்தது. 1971 அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸி.டி. யந்திரம் முதல் நோயாளியின் தலையைத் துண்டு துண்டாகப் படமெடுத்தது. இன்று கையில் சாய மருந்தை ஏற்றி அதே வகை யந்திரத்தில் சில நிமிஷம் படுக்கவைத்தால், எலும்பும் குழாயும் சேர்ந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கக்கூடிய படமாகக் கிடைக்கின்றன. சில இடங்களில் அந்தப் படத்தைக் கொண்டு நோயாளியின் எலும்பைப் போலவே ஒரு பொம்மை அச்சடித்து, அதில் திருகிப் பார்த்த பிறகே ஆளைத் தொடுகிறார்கள்.

பார்த்தால் என்ன லாபம்? எலும்பில் இடமில்லை என்று முன்னாலேயே தெரிந்தால் டாக்டர் வழியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது எலும்பின் பின் தகட்டில் குறுக்காகத் திருகாணி போடும் வழியை 2004-இல் ரைட் என்பவர் எழுதினார். அங்கே இத்தமனி இல்லை. குட்டைத் திருகாணி போடலாம். ஒரு பக்கம் மட்டும் போட்டு மறுபக்கம் கம்பி கட்டலாம். கீழேயுள்ள எலும்பையும் சேர்த்துப் பிணைக்கலாம். தமனி மூட்டின்மேல் குறுக்கே கிடப்பது தெரிந்தால் அதை மெதுவாகத் தேடி விலக்கி வைத்துவிட்டு வேலை செய்யலாம். தப்பித் தவறி ஒரு பக்கம் கிழிந்துவிட்டால் மறுபக்கத்தில் திருகாணி ஏற்றக்கூடாது என்பது இப்போது எழுதப்பட்ட விதி. இது பிரமன் எழுதிய விதியல்ல. பட்டறிந்த மனிதர்கள் எழுதிய விதி. ஆகையால்தான் இது காப்பாற்றுகிறது.

இதற்குச் சில ஆட்சேபணைகள் சொல்லப்படும். "அனுபவமுள்ள டாக்டருக்குப் படம் எதற்கு?" என்பார்கள். அனுபவம் என்பது மற்றவர்களின் கழுத்தில் கண்டது. இவன் கழுத்து இவனுடையது. ஆயிரம் கிணறு வெட்டியவனும் ஆயிரத்தோராவது நிலத்தில் பாறை எங்கே என்று பார்த்துத்தான் வெட்டுகிறான். "செலவாகுமே" என்பார்கள். ஆகும், ஆனால் ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கிறவன் படுக்கையில் விழுந்தால் ஆகும் செலவுக்கு அது ஈடாகுமா? நம் நாட்டு அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த யந்திரம் இருக்கிறது. ஏழையின் கழுத்திலும் தமனி ஓடுகிறதல்லவா? "சாய மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாதே" என்பார்கள். இது நியாயமான ஆட்சேபணை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், அம்மருந்து ஒவ்வாதவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்குச் சாயமில்லாமலே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் ஸி.டி. படம் எலும்பிலுள்ள குடைவைக் காட்டும். காந்த யந்திரப் படத்தில் குழாயைப் பார்க்கவும் வழியுண்டு. ஆகவே "முடியாது" என்பதற்கும் "பார்க்கவில்லை" என்பதற்கும் உள்ள தூரம் அதிகம்.

படம் பார்த்துவிட்டால் ஆபத்தே வராது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் தாயத்து விற்கிறவர்களாகிவிடுவோம். பார்த்த பிறகும் கை தவறலாம், எலும்பு பொடியலாம். நாம் சொல்வதெல்லாம், தெரிந்துகொள்ளக்கூடிய ஆபத்தைத் தெரிந்துகொள்ளாமல் போய் விழுவதற்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள் என்பதுதான். அது விதியல்ல, அசட்டை.

ஆதலால் தோழர்களே! உங்களுக்கோ, உங்கள் வீட்டாருக்கோ கழுத்தின் உச்சியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னால், நாளும் நட்சத்திரமும் பார்க்க ஓடாதீர்கள். டாக்டரின் கைராசியையும் விசாரிக்காதீர்கள். அவரிடமே மரியாதையாக நான்கு கேள்வி கேளுங்கள். இரண்டு பக்கத்துத் தமனியும் எப்படிப் போகிறது என்று படத்தில் பார்த்தீர்களா? எந்தப் பக்கம் பெரிது? இரண்டாவது எலும்பில் திருகாணிக்கு இடமிருக்கிறதா, இல்லாவிட்டால் வேறு என்ன வழி? தமனி கிழிந்தால் என்ன செய்ய ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? தன் வேலை தெரிந்த டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து உங்களுக்கும் காட்டுவார். "எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு டாக்டர் மேலே கையைக் காட்டினால், "ஐயா, திருகாணி தங்கள் கையில்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பார்த்துச் செய்கிற இன்னொருவரைத் தேடிப் போங்கள்.